முள்ளின் நடை

ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடைகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீட்டரின் முள் வரவேண்டிய இடத்துக்கு வராவிட்டால், கண்ணாடியின் மேல் விரலால் இரண்டு தட்டு தட்டுவார்கள். முள் சட்டென்று நகர்ந்து நிற்கும். அதைக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். நானும் பல வருடம் அப்படித் தட்டியவன்தான். தட்டினால்தான் நகரும் என்றால் அந்த முள்ளுக்கு நோய் என்பதும், அந்த நோயைத் தீர்ப்பது தனிக்கலை என்பதும் பிறகுதான் புரிந்தது. அந்தக் கலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மீட்டருக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. அதன் இரண்டு துருவங்களுக்கு நடுவே தேனிரும்பு உருளை ஒன்று. துருவத்துக்கும் உருளைக்கும் இடையே மெல்லிய இடுக்கு. அந்த இடுக்குக்குள், எதிலும் உரசாமல், முள் பொருத்திய ஒரு காயில் திரும்புகிறது. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை அலுமினியச் சட்டத்தில் சுற்றியிருப்பார்கள். காயிலின் மேலும் கீழும் ஊசிபோன்ற எஃகு முனைகள். அவற்றை பிவட் என்கிறோம். பிவட் உட்காரும் குழி நீலக்கல்லில் குடைந்தது, அது ஜுவல். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஹேர்ஸ்பிரிங். மின்சாரம் காயிலுக்குள் போவதும் வருவதும் இந்த ஸ்பிரிங் வழியாகத்தான். முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி இழுப்பதும் இவைதான்.

பிரான்ஸில் விஞ்ஞானி டார்சன்வால் 1882-ல் ஆய்வுக்கூடத்துக்கென்று உருவாக்கிய அமைப்பு இது. அமெரிக்காவின் நியூவார்க்கில் இருந்த எட்வர்ட் வெஸ்டன் 1888-ல் அதைக் கையில் தூக்கிப்போகும் மீட்டராக்கினார். பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்காடியின் யோசனையில், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ஆவோ மீட்டர் 1923-ல் வந்தது. 1951-ல் வந்த ஆவோ எட்டாம் மாடலின் டி.சி. வோல்ட் ரேஞ்சில், முள் கடைசிக் கோடு வரை போக 50 மைக்ரோ ஆம்பியர் போதும். ஒரு ஆம்பியரை 20,000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய விசையில் நடக்கும் முள்ளுக்குக் கண்ணுக்குத் தெரியாத தூசுகூடப் பாறைதான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் எலக்ட்ரீஷியன் தம்பி பழைய மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வைத்திருந்தது. "அண்ணே, முள் பாதியிலயே நிக்குது. பூஜ்யத்துக்கும் சரியா வரலை. கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமாயிடுச்சு" என்றார். தையல் மிஷின் எண்ணெய். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் ஜுவல் உலர்ந்தே வேலை செய்ய வேண்டியது. எண்ணெய் பட்டால் தூசு சேர்ந்து பசையாகிவிடும். காயிலின் எடை முழுவதும் ஊசிமுனையளவு இடத்தில் நிற்பதால், அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் வரும். மீட்டர் ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தாலே பிவட் மழுங்குவதும் ஜுவலில் விரிசல் விழுவதும் அதனால்தான்.

நான் உடனே திறக்கவில்லை. முதலில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு 1.5 வோல்ட் செல், அதோடு வரிசையில் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர், ஒரு வேரியபிள் ரெசிஸ்டர். காயிலும் முள்ளும் சேர்ந்த பகுதியை மூவ்மெண்ட் என்போம். 50 மைக்ரோ ஆம்பியர் மூவ்மெண்ட் என்றால் மொத்தம் 30,000 ஓம் இருக்கும்போது முள் கடைசிக் கோட்டில் நிற்க வேண்டும். காயிலை வேறொரு ஓம் மீட்டரால் நேரடியாக அளந்து பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்த மீட்டர் தரும் கரண்ட்டே காயிலைக் கருக்கிவிடக்கூடும். கரண்ட்டை மெதுவாக ஏற்ற வேண்டும், பிறகு மெதுவாக இறக்க வேண்டும். தட்டக் கூடாது.

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு நடை உண்டு. ஸ்கேல் முழுவதும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டினால் காந்தம் வலுவிழந்திருக்கிறது. ஏறும்போது ஓர் அளவும் இறங்கும்போது வேறோர் அளவும் காட்டினால் பிவட்டிலோ ஜுவலிலோ உராய்வு. ஓரிடம் வரை நன்றாகப் போய், பிறகு இழுத்துப் பிடித்தாற்போல் போனால் ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று சிக்கியிருக்கின்றன. படுக்கவைத்தால் பூஜ்யம், நிமிர்த்தினால் வேறிடம் என்றால் முள்ளின் எடைச்சமன் கெட்டிருக்கிறது. வாலிலும் பக்கவாட்டுக் கைகளிலும் உள்ள குட்டி எடைகளை நகர்த்த வேண்டும். மூடியைத் துணியால் துடைத்ததும் முள் எழுந்து அந்தரத்தில் நின்றால் உள்ளே ஒரு கோளாறும் இல்லை. பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறியிருக்கிறது. வாயால் ஆவி ஊதினாலே இறங்கிவிடும். இதை அறியாமல் நல்ல மீட்டரைப் பிரித்துக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

தம்பியின் மீட்டரில் இரண்டு நோய். உராய்வு ஒன்று, அது எண்ணெயால் வந்தது. ஆனால் சரியாகப் பாதி ஸ்கேலில் ஒரு முட்டு இருந்தது. அது எண்ணெய்க்கு முன்பே வந்தது.

வெள்ளைக் காகிதம் விரித்து, கடிகாரக்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை வைத்து, காந்த இடுக்கைப் பார்த்தேன். ஓர் இரும்புத்துகள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தபோதுதான் தெரிந்தது. காந்தப்புலம் அங்கே மிகவும் வலுவானது என்பதால் படுத்துக் கிடக்காமல் முடிபோல நட்டுக்கொண்டு நின்றது. காயில் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அதில் முட்டியது. எஃகு இடுக்கியை நீட்டினால் காந்தம் இடுக்கியையே இழுத்துக் காயிலில் இடித்துவிடும். ஒட்டுநாடாவை மூங்கில் சீவலின் நுனியில், ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, இடுக்குக்குள் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை இழுத்தேன். வரவில்லை. புது நாடா சுற்றி மறுபடி. நான்காவது தடவையில் நாடாவில் கறுப்பாக ஒரு புள்ளி. மூச்சை விட்டேன்.

பிவட்டை ஆல்கஹாலில் நனைத்த மரக்குச்சி முனையால் சுத்தம் செய்தேன். ஜுவலை ஊசியால் மெல்ல வருடிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் ஊசி இடறும். இடறவில்லை. பிறகு ஜுவல் ஸ்குரூவைத் திரும்ப முடுக்கும்போது, காயில் மிகமிகச் சிறிதாக ஆடும்படி விட வேண்டும். இறுக்கினால் உராய்வு, தளர்த்தினால் முள் சாயும். இங்கேதான் கைக்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். உருளையைக் காந்தத்திலிருந்து கழற்றவே இல்லை. பழைய ஆல்னிகோ காந்தங்களில், துருவங்களை இரும்பால் இணைக்காமல் உருளையை உருவினால் காந்தம் வலுவிழக்கும். மீட்டர் அப்புறம் குறைத்தே காட்டும்.

காயிலே அறுந்திருந்தால்? எல்லாரும் கைவிடும் இடம் அது. ஆனால் பல நேரங்களில் அறுந்திருப்பது காயில் அல்ல, ஸ்பிரிங்கோடு சேரும் சால்டர் இணைப்பு. ஆசிட் வைத்துச் சால்டர் செய்த இடம் பச்சை பூத்து அரித்திருக்கும். அங்கே முதலில் பாருங்கள். உண்மையிலேயே காயில் போயிருந்தால், அதே மாடல் உடைந்த மீட்டரிலிருந்து மூவ்மெண்ட்டை எடுத்து மாற்றுவதே நேர்மையான வழி. அந்தக் கம்பியைக் கையால் திரும்பச் சுற்றும் ஆற்றல் உள்ளவர்களை நான் வணங்குகிறேன். எனக்கு அது கைவரவில்லை.

நான் கண்டிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. முள் பூஜ்யத்துக்கு வரவில்லை என்று முள்ளையே வளைத்துவிடுவது. குறைத்துக் காட்டுகிறது என்று காரணம் தேடாமல் உள்ளே ரெசிஸ்டரை மாற்றுவது. முள் பூஜ்யத்தில் நிற்கிறது என்பதால் மீட்டர் சரியாகிவிடாது. அது பூஜ்யத்திலிருந்து எப்படிப் புறப்பட்டது, எப்படித் திரும்பியது என்று பார்க்காதவர் பழுதை மூடிவைக்கிறார். அடுத்து அந்த மீட்டரை நம்பி லைனில் கை வைப்பவர் ஒருவர் இருக்கிறார்.

தம்பி வந்தபோது அவர் கையாலேயே வேரியபிள் ரெசிஸ்டரைத் திருப்பச் சொன்னேன். முள் ஏறியது, பாதியைத் தாண்டியது, கடைசிக் கோட்டில் நின்றது, அதே நடையில் இறங்கியது. அவருடைய விரல் பழக்கத்தில் கண்ணாடிப் பக்கம் போனது. தட்டாமல் நிறுத்திக்கொண்டார்.

எடுத்துப்போகும்போது ஸ்விட்சை ஆஃபில் வைக்கச் சொன்னேன். அந்த மீட்டரில் ஆஃப் நிலையில் காயிலின் இரு முனைகளும் இணைந்துவிடும். குலுங்கும்போது காயிலில் பிறக்கும் மின்சாரமே அதற்கு பிரேக். ஆஃபில் வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார், வோல்ட் ரேஞ்சுக்குத் திருப்பி மறுபடி ஆட்டிப் பார்த்தார். பிறகு ஸ்விட்சை ஆஃபுக்கே கொண்டுவந்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.