நின்றால் நீங்கும் நெஞ்சு வலி



பால் வாளியைச் சுமந்து மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகுகின்றது. சற்று நின்றால் வலி நீங்கிவிடுகின்றது. "வாயுத் தொல்லைதான்" என்று சொல்லிக்கொண்டு, மறுநாளும் மரம் சீவச் செல்கின்றோம். அது வாயுவாகவும் இருக்கலாம். ஆனால், உழைக்கும்போது வந்து ஓய்வில் நீங்கும் வலி, இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் குறுகியிருப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம். 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 17 விழுக்காடு, இந்தக் குழாய்களைப் பற்றிய நோயினால் நேர்ந்தவை.

எனவே, முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்வோம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளியே. வலி எப்போது வருகின்றது, எவ்வளவு நேரம் நீடிக்கின்றது, கைக்கோ தாடைக்கோ பரவுகின்றதா என்பவற்றை மருத்துவரிடம் தெளிவாகக் கூறவேண்டும். மலாய்மொழியில் சொல்லத் தயங்குவோர், பள்ளியில் பயிலும் பிள்ளையைக் கொண்டு எழுதி எடுத்துச் செல்லலாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியின்றி மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டுமே தோன்றக்கூடும். அவற்றையும் மறைத்தல் ஆகாது.

அங்கே இ.சி.ஜி. எடுப்பார்கள். அது சரியாக இருப்பதாகச் சொன்னால் மகிழ்ச்சியே. ஆயினும், அதனுடன் ஐயம் தீர்ந்துவிடாது. லயத்துக் குழாயில் ஒரு வீட்டார் மட்டும் நீர் பிடிக்கும்போது குறை தெரிவதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பிடிக்கும்போதே தெரிகின்றது. அதுபோலவே, படுத்திருக்கும் இதயத்திற்குச் சிறிது இரத்தமே போதும். உழைக்கும் இதயத்திற்குத்தான் அது போதாமற் போகின்றது. ஆகவே, "வேலை செய்யும்போது வலி வருகின்றது, மேற்கொண்டு சோதனை வேண்டுமா?" என்று பணிவுடன் கேட்போம்.

மருத்துவர் தேவையென்று கருதினால், பரிந்துரைக் கடிதம் தந்து நிபுணரிடம் அனுப்புவார். ஜார்ஜ்டவுன், ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்குப் பெரிய மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவு உண்டு. நடைப்பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி., ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் 'எக்கோ', குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே ஆகியவற்றுள் எது தேவை என்பதை நிபுணரே முடிவு செய்வார்.

ஒரு நாள் கூலி போய்விடுமே என்று குறித்த தேதியைத் தவறவிடாதீர்கள். மருத்துவர் விடுப்புச் சான்றிதழ் அளித்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்காத நோய்க்கு, பணிக்காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை கிடைக்கும்.

ஓய்விலும் வலி நீங்காவிட்டால், அல்லது வியர்வையும் மயக்கமும் சேர்ந்தால், தேதிக்காகக் காத்திருத்தல் கூடாது. மோட்டார் சைக்கிளில் புறப்படுதலும் ஆகாது. உடனே 999 எண்ணை அழையுங்கள்.

நம் உழைப்பை நம்பி ஒரு குடும்பம் இருக்கின்றது. ஐயம் இருந்தால், இவ்வாரமே சென்று சோதித்துக்கொள்வோம்.