எல்லாம் அடக்கம்



டொராண்டோவில் இருக்கிற என் தங்கை மகள், போன பனிக்காலத்தில் குடும்பத்தோடு கரீபியன் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தாள். டொமினிகன் குடியரசில் புந்தா கானா என்கிற இடம். கனடாவில் வசிக்கும் நம் ஆட்களுக்கு, ஈழத்தவரானாலும் நெல்லைக்காரரானாலும், மார்கழி, தை மாதங்களில் அந்தப் பக்கம் ஓடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வாசலில் பனி குவிந்து கிடக்கும்போது, சில மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் வெயிலும் கடலும் வந்துவிடுகின்றன. புதிதாகக் கட்டிய ரிசார்ட். உள்ளே நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் பர்ஸைத் தொட வேண்டியதில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுநடுவே நொறுக்குத் தீனி, இளநீரிலிருந்து ரம் வரை, படகு, நீச்சல் குளம், ராத்திரி ஆட்டம் பாட்டம், எல்லாம் முன்பே கட்டிய பணத்தில் அடக்கம்.

"ஒண்ணுமே யோசிக்க வேண்டாம் மாமா" என்றாள்.

சரி, அந்த ஊர் எப்படி, ஜனங்கள் எப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஊருக்குள்ள நாங்க போகவே இல்லையே மாமா" என்றாள்.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஏற்பாடே அப்படி. இதைத் தொடங்கிவைத்தவர் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியம்காரர். 1950ஆம் ஆண்டு, உலகப் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவில், அல்குடியா கடற்கரையில், ராணுவம் கழித்துவிட்ட கூடாரங்களை அடித்து, ஒரே கட்டணத்தில் தங்கலும் சாப்பாடும் விளையாட்டும் என்று ஆரம்பித்தார். அதுதான் கிளப் மெடிதெரானே. போரில் அலுத்துப்போன ஐரோப்பியருக்குப் பணத்தை எண்ணாமல் சில நாள் இருப்பதே பெரிய ஓய்வாக இருந்திருக்கும். பிறகு கையில் காசே வேண்டாம் என்று, குடிக்கிற பானத்துக்குக் கழுத்து மாலையிலிருந்து மணிகளைக் கழற்றிக் கொடுக்கும் பழக்கத்தையும் அங்கே கொண்டுவந்தார்கள். மணிமாலை இருந்த இடத்தில்தான் இன்று மணிக்கட்டுப் பட்டை. கரீபியனில் இந்த முறை வேர்பிடித்தது ஜமைக்காவில். 1981இல் மாண்டிகோ பேயில் திறந்த சாண்டல்ஸ் விடுதி ஜோடிகளுக்கு மட்டும் என்று சொல்லி இதைப் பெரிய வியாபாரமாக்கியது.

இதில் கணக்கு எளிது. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியவன் வெளியே போய் இன்னொரு முறை காசு கொடுத்துச் சாப்பிடுவானா? மாட்டான். ஆகவே சுவருக்கு வெளியே மீன் பொரிக்கிறவருக்கும், டாக்ஸி ஓட்டுகிறவருக்கும், சிப்பி மாலை விற்கிறவருக்கும், பக்கத்தில் ஆயிரம் பேர் தங்கியிருந்தும் வியாபாரம் கிடையாது.

நடுவே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நம் ஜனங்கள் கரீபியன் தீவுகளுக்குப் போவது இது முதல் தடவை இல்லை. 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம். சாப்பாடு, குடிசை, வைத்தியம், திரும்பிவரக் கப்பல் டிக்கெட், எல்லாம் ஒப்பந்தத்தில் அடக்கம் என்றுதான் எழுதியிருந்தது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். தங்கிவிட்டவர்களின் சந்ததி பிரெஞ்சும் கிரியோலும் பேசிக்கொண்டு இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறது. கடற்கரையில் காலை நீட்டிப் படுத்திருக்கும் டொராண்டோ தமிழருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. விடுதியின் வண்ணக் காகிதத்தில் இதையெல்லாம் அச்சடிக்க மாட்டார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். திருநெல்வேலிக்காரனுக்கும் ஓய்வுக்கென்று ஒரு இடம் உண்டு. அது குற்றாலம். அது இருக்கிற தென்காசி 2019லிருந்து தனி மாவட்டம்தான். ஆனால் அரசாணை போட்டால் பழக்கம் மாறிவிடுமா? குற்றாலத்தில் நம் தலையில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகித் தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. ஆக, அதுவும் நம் ஆற்றுப் படுகைதான்.

ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வரும். மலையாளத்து மழை மலையில் முட்டி, மிச்சமிருப்பதைச் சாரலாக இந்தப் பக்கம் தூவும். அது நனைக்கிற மழை இல்லை. சட்டையை ஈரமாக்காமல் முகத்தை மட்டும் ஈரமாக்கிவிட்டுப் போகும். அப்போது பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். 1903இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை ரயில் வந்த பிறகு இன்னும் எளிதாயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்கள் அங்கே பங்களா கட்டி, ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டுவிட்டார்கள். இன்று சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் தெருவில் குவிகிறதே, வாசனைப் பயிரும் வெளிநாட்டுப் பழமும் அந்த மண்ணுக்கு நேற்று வந்த சங்கதி இல்லை.

வெள்ளைக்காரனுக்கும் முந்தி விளம்பரம் செய்தவர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க மன்னர் அதற்குப் பரிசாக நிலமே கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அந்த நிலத்துக்குப் பெயர். இந்தக் காலத்து விளம்பர வாசகம் எழுதுகிறவர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

பழைய நாளில் குடும்பத்தோடு சீசனுக்குப் போவது என்றால் ஒரு வாரம், பத்து நாள், வசதி இருந்தால் ஒரு மாதம். வீடு வாடகைக்குப் பிடித்து, அரிசி பருப்பு மூட்டையோடு சமையற்காரரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். காலையில் பேரருவி. அருவி நேராகத் தலையில் இறங்கினால் மனிதன் தாங்க மாட்டான். நடுவிலேயே பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் குறைந்து, பொங்கி வழிந்து கீழே வருகிறது. அதனால்தான் கீழே நின்று தோளைக் காட்ட முடிகிறது. குளித்துவிட்டு வெளியே வந்தால் ஒரு பசி எடுக்கும் பாருங்கள், அதை வேறு எந்தக் குளியலும் தருவதில்லை. சாப்பாடு, தூக்கம், மறுபடி சாயங்காலம் ஐந்தருவி. இதற்குமேல் நிகழ்ச்சி நிரல் கிடையாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு நாங்கள் யாரிடமும் பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் எல்லாம் அடக்கமான ஒரு விடுதி உண்மையிலேயே இருந்தது என்றால், அது ரசிகமணி டி.கே.சி.யின் வீடுதான். டி.கே. சிதம்பரநாத முதலியார் வக்கீலுக்குப் படித்தவர். 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் படித்ததுதான் வட்டத்தொட்டி. பிறகு அறநிலையப் பாதுகாப்பு வாரியத்தில் ஆணையராகச் சென்னையில் சில ஆண்டுகள். அதன்பின் குற்றாலத்துக்கே வந்து, 1954இல் காலமாகும் வரை அங்கேதான் வாழ்ந்தார். ராஜாஜி வருவார், கல்கி வருவார். இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வருவார்கள். அப்போது அவர்கள் பேர் தெரியாத இளைஞர்கள். ராஜாஜிக்கு உள்ள வரவேற்பு அவர்களுக்கும் உண்டு. அருவியில் குளியல், வீட்டில் விருந்து, விருந்துக்குப் பின் கம்பன். சாப்பாட்டைக்கூட எப்படி ரசிப்பது என்று அவரிடம்தான் கற்றோம் என்று உண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பாட்டை ஒரு முறை சொல்லி, நிறுத்தி, மறுபடி சொல்லி, கேட்கிறவர் முகம் மலர்கிறதா என்று பார்ப்பாராம். போகும்போது பில் கிடையாது. ஊருக்குத் திரும்பிய பிறகு அவரிடமிருந்து கடிதம் வரும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் டி.கே.சி. வீடு கிடைக்குமா? கிடைக்காது. மற்றவர்களுக்கு மடமும் சத்திரமும் லாட்ஜும் இருந்தன. வெளியே வந்தால்தான் எல்லாம். நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் எண்ணெய் கொதிக்கும். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். 1956 நவம்பரில் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேரும் வரை திருவிதாங்கூர் எல்லை அங்கேதான் இருந்தது. எல்லை மேற்கே போய்விட்டது, பரோட்டா போகவில்லை. வருகிற கூட்டத்தின் காசு இப்படி நூறு கைகளில் சில்லறையாகப் பிரிந்துவிடும். சீசன் மூன்று மாதத்தில் சம்பாதித்து வருடத்தை ஓட்டுகிற குடும்பங்கள் அங்கே ஏராளம்.

குற்றாலத்தை நான் சொர்க்கமாக்கிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பேரருவியில் தலை நுழைக்க இடமிருக்காது. வரிசையில் நின்று, அரை நிமிடம் தண்ணீர் பட்டதும் பின்னாலிருந்து தள்ளுவார்கள், போலீஸ்காரர் விசில் ஊதுவார். ஒரு காலத்தில் பாறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் ஷாம்பு பாக்கெட்டுமாக நாறிப்போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவியில் சோப்பும் ஷாம்புவும் எண்ணெயும் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்த நெரிசலைப் பார்த்து அலுத்தவர்களுக்காகத்தான் சுற்றிலும் ரிசார்ட்டுகள் முளைத்தன. வயதானவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் சுத்தமான அறையும் கழிப்பறையும் தேடுவது நியாயம்தானே. நானும் தேடியிருக்கிறேன்.

அறையோடு நின்றிருந்தால் பேச்சில்லை. ஆனால் சிலர் அருவியையும் கட்டணத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடையைத் தங்கள் வளாகத்துக்குள் திருப்பி, பாறை அடுக்கி, விருந்தினருக்கு மட்டும் ஒரு தனியருவி! வரிசை இல்லை, விசில் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. வழக்கு மதுரைக் கிளைக்குப் போனது. இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கும் சொகுசு விடுதிகளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கும்படி 2022இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் பக்கத்து ஓடை என்பது சும்மா போகிற தண்ணீர் இல்லை. கீழே குளம் இருக்கும், குளத்தை நம்பி வயல் இருக்கும். சிற்றாற்றில் அணைக்கட்டுக்கு அணைக்கட்டு, காலுக்குக் கால், தண்ணீருக்கு உரிமைக்காரர்கள் உண்டு. மேலே ஒருவர் தன் விருந்தினர் தோள் நனைய ஒரு மடையைத் திருப்பினால், கீழே யாரோ ஒருவருடைய நாற்றங்கால் காய்கிறது.

கரீபியனில் இதே தகராறு கடற்கரையில் நடக்கிறது. ஜமைக்காவில் 1956இல் வந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கடலில் குளிக்கும் பொது உரிமை என்று ஜனங்களுக்கு ஒன்றுமில்லை. அப்போது அது பிரிட்டிஷ் தீவு, சட்டம் இன்னும் இருக்கிறது. தாத்தா வலை இழுத்த மணலில் பேரன் கால் வைக்க முடியவில்லை என்று அங்கே இயக்கம் நடத்துகிறார்கள், கோர்ட்டுக்குப் போகிறார்கள். பார்படோஸில் அப்படியில்லை, கடற்கரை எல்லோருக்கும் பொது. இரண்டும் கரீபியன் தீவுகள்தான். நம் பேரருவி பார்படோஸ் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கோடீஸ்வரர் தலையிலும் முறுக்கு விற்கிற பையன் தலையிலும் ஒரே தண்ணீர்.

ரிசார்ட் உண்மையில் விற்பது சாப்பாட்டை அல்ல, நிச்சயத்தை. இத்தனை மணிக்கு இது கிடைக்கும், கிடைத்தே தீரும் என்ற உறுதி. குற்றாலத்தில் அதுதான் கிடையாது. ஆனியில் காற்று மட்டும் அடித்துவிட்டு அருவி நூலாகத் தொங்குகிற வருடமும் உண்டு. எதிர்பாராத நாளில் வெள்ளம் இறங்குவதும் உண்டு. 2024 மே 17ஆம் தேதி, சீசனே தொடங்காத கோடையில், பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஒரு பள்ளி மாணவனை இழுத்துக்கொண்டு போயிற்று. மேலே காட்டில் பெய்கிற மழை கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. அருவிச் சத்தம் மாறினாலோ, தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்தாலோ, சருகும் குச்சியும் கூடவே விழுந்தாலோ, தலையைக்கூடத் துவட்டாமல் விலகிவிட வேண்டும். விசில் ஊதுகிற போலீஸ்காரரிடம் வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வருடம் முழுவதும் தண்ணீர் வேண்டுமென்றால் பாபநாசத்தில் அகத்தியர் அருவி இருக்கிறது. ஆனால் சாரல் அங்கே கிடைக்காது.

ஆகவே, இந்த வருடம் குற்றாலம் கிளம்புகிறவர்கள் வழக்கம்போலத் தென்காசியில் தெரிந்தவர் யாருக்காவது ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்: "தண்ணி விழுதா?" "நல்லா விழுது" என்றால், கூடிய மட்டும் கிழமை நாளில் விடியற்காலை போய்ச் சேருங்கள். "ரொம்ப விழுது" என்றால் குளிக்க விடமாட்டார்கள், இரண்டு நாள் பொறுங்கள். "சாரல்தான், அருவி இல்லை" என்றாலும் போகலாம். குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும் எங்கும் போய்விடாது, மங்குஸ்தான் இருக்கும். தங்குவதற்கு ரிசார்ட் பிடிப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால், ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, "எங்களிடம் தனியருவி இருக்கிறது சார், வருடம் முழுக்க விழும்" என்று யாராவது சொன்னால், அந்தத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.