வீட்டுக் கடன்: முன்பணம் கொடுப்பதற்கு முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் ஒத்திக்கும் வாடகைக்கும் இருப்பவர்கள் பலர் சொந்த வீடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வீடு பிடித்ததும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கடனுக்கு அலைவதுதான் இங்கே வழக்கம். கடன் கிடைக்காவிட்டால் அந்த முன்பணத்தைத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கையிருப்பு. 40 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. அதாவது 32 லட்சம். மீதி 8 லட்சம் நம் கைப்பணம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது 3 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 11 லட்சத்து 60 ஆயிரம் கையில் வேண்டும். ஒத்திப் பணத்தை நம்பியிருப்பவர்கள், அது எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். 32 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 27,770 ரூபாய். குடும்பச் செலவு போக அது மிஞ்சுமா என்று பாருங்கள்.

இரண்டாவது, கடன் மதிப்பெண். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750க்கு மேல் இருந்தால் நல்லது. நண்பருக்கு ஜாமீன் போட்ட கடனும் அதில் தெரியும். தவறு இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, பத்திரங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். தாய்ப்பத்திரம், கட்டட வரைபட அனுமதி, ஃப்ளாட் என்றால் பிரிபடாத நிலப் பங்கு ஆகியவற்றைச் சரிபாருங்கள். மதுரையைச் சுற்றி நஞ்சை நிலம் மனையான இடங்கள் நிறைய. மனை வாங்குகிறவர்கள் டிடிசிபி அங்கீகாரத்தை அவசியம் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு முன்பணம். அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. ஆவணக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால், நீங்களும் தயங்குங்கள்.