பைண்டிங்கைப் பிரிக்காதீர்கள்



பழைய புத்தக உலகத்தில் இப்போது இரண்டு மோகங்கள். ஒன்று முதல் பதிப்பு மோகம். மற்றது படம் வெட்டி விற்கிற மோகம். முதலாவதோடு எனக்குச் சண்டை இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் அச்சிட்ட சீவக சிந்தாமணியோ, 1894-இல் அச்சிட்ட புறநானூறோ அலமாரியில் இருந்தால் யாருக்கும் பெருமைதான். இரண்டாவது மோகத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எதை வெட்டுகிறார்கள்? தொடர்கதை பைண்டிங்கை. விகடனிலும் கல்கியிலும் குமுதத்திலும் வாராவாரம் வந்த கதைகளைப் பின்னை நெம்பி எடுத்து, அலமாரியில் அடுக்கி வைத்து, கதை முடிந்த பிறகு பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வாங்கினார்களே, அந்தப் புத்தகங்களை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். இன்று அதை வாங்கிப் போகிறவர் தையலை அறுக்கிறார். கோபுலு படம் தனி, மணியம் படம் தனி, பழைய சோப்பு விளம்பரம் தனி என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிறார். கதைத் தாள்கள் எடைக்குப் போகின்றன. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பைண்டிங்கைப் பிரிக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பதிப்பகம் போட்ட புத்தகம் ஆயிரக்கணக்கில் அச்சாகிறது. பைண்டிங் அப்படியல்ல. அது ஒரு வீட்டில் உருவான புத்தகம், ஒரே ஒரு பிரதி. கல்கி தம் பத்திரிகையில் எழுதிய பொன்னியின் செல்வனைப் பத்து வீடுகளில் கட்டினால் பத்தும் பத்து விதமாகத்தான் இருக்கும். ஒருவர் கதைப் பக்கத்தை மட்டும் எடுத்திருப்பார். இன்னொருவர் அட்டைப்படத்தையும் சேர்த்திருப்பார். மூன்றாமவர் இடையில் தனக்குப் பிடித்த கட்டுரை ஒன்றைச் செருகி வைத்திருப்பார். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆன பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் பொன்னியின் செல்வனைப் போட்டுவிட்டன. கதை வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும். மணியத்தின் படங்களோடு, 1950-இல் தொடங்கி 1954 வரை ஒரு குடும்பம் வாரம் தவறாமல் காத்திருந்து சேர்த்த பிரதி எங்கே கிடைக்கும்?

எனக்குப் பிடித்த ஒரு பைண்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன். தில்லானா மோகனாம்பாள். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் 1950களில் ஆனந்த விகடனில் எழுதினார். படம் வரைந்தவர் கோபுலு. கதையின் பெயரைச் சொன்னால் இன்று எல்லோருக்கும் நினைவு வருவது 1968-இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த சினிமா. சண்முகசுந்தரம் என்றால் சிவாஜி, மோகனா என்றால் பத்மினி, வைத்தி என்றால் நாகேஷ். அந்த மூவரையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் படம் வருவதற்கு முன்னால் விகடன் வாசகர்கள் மனத்தில் இந்தப் பாத்திரங்களுக்கு வேறு முகங்கள் இருந்தன. அந்த முகங்களைக் கொடுத்தவர் கோபுலு. ஒரு முறை தவில் கற்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். இந்த பைண்டிங்கைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “சார், இதிலே வைத்தி வேற ஆளா இருக்காரே!” என்றார். அதைத்தான் சொல்கிறேன். அந்த வேறு ஆளைப் பார்க்க பைண்டிங்கை விட்டால் வேறு வழி குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோபுலுவின் கோடு கதை வரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காகப் போட்ட கோடு. அந்த வாரம் வைத்தி என்ன சூழ்ச்சி செய்தான் என்று மேலே படித்துவிட்டுக் கீழே படத்தில் அவன் நிற்கிற நிலையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கோணல் எதற்கு, அந்தக் குனிவு எதற்கு என்று தெரியும். வெட்டிச் சட்டம் போட்டால் கோடு இருக்கும், சமயம் போய்விடும். அதனால் மறுபடியும் சொல்கிறேன், பைண்டிங்கைப் பிரிக்காதீர்கள்.

அடுத்து, காலத்தைக் கண்டுபிடிக்கிற வித்தை. வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பைண்டர் ஓரம் வெட்டும்போது தேதி போய்விடும். பிறகு எந்த ஆண்டு என்று எப்படிச் சொல்வது? விளம்பரத்தைப் பாருங்கள். விலை அணாவில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா வந்துவிட்டால் அதற்குப் பிந்தியது. மாறிய புதிதில் இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களும் உண்டு, அவசரப்படக்கூடாது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆனது. விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னால் இருக்க முடியாது. எழுத்தைப் பாருங்கள். ணை, லை, ளை, னை இவற்றின் முன்னால் யானைத் துதிக்கை போலக் கொம்பு சுருண்டிருந்தால் அது பழைய அச்சு. 1978-இல் அரசு சீர்திருத்திய எழுத்தை ஏற்றது. பத்திரிகைகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. ஓவியரைப் பாருங்கள். கல்கியில் பொன்னியின் செல்வன் திரும்பத் திரும்ப வந்தது. முதல் முறை வரைந்தவர் மணியம். வினு இருந்தால் பின்னால் வந்தது. பத்மவாசன் என்றால் அதற்கும் பின்னால். இந்தச் சாட்சிகளில் பெரும்பாலானவை விளம்பரத்திலும் படத்திலும்தான் இருக்கின்றன. அவற்றை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சத் தாள்களுக்கு எழுத்தைத் தவிர வயது சொல்ல ஆள் இல்லை.

தாளின் பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம். தொடரின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய சிறுகதையின் முதல் பாதி இருக்கும். மறு பாதி இருக்காது. எனக்கு இந்த அரைக் கதைகள் மேல் தனி ஆசை. எழுத்தாளர் பெயர் இருந்தால் தேடிப் போவேன். அப்படித் தேடிப் போனபோது, தொகுப்பு எதிலும் சேராத கதைகள் அகப்பட்டதுண்டு. உதிரித் தாளின் அருமைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் தூக்கிப் போடாமல் சேர்த்தவர். அவருடைய சேகரிப்பை 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. குப்பை என்று யாரோ நினைத்தவைதான் இன்று ஆய்வாளர்களை அங்கே கூட்டிப் போகின்றன.

செப்பனிடுவது பற்றி நிறையக் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுக்க முடியாது. பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள், பூச்சி வரக்கூடாது என்று. காலிகோ முதுகு கிழிந்திருந்தால் முதுகை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், உள் தையலைத் தொட விடாதீர்கள். “புதுசா கட்டித் தரேன் சார், ஓரத்தையும் வெட்டிடலாம்” என்பார் பைண்டர். வேண்டாம் என்று சொல்லுங்கள். மரக்கூழ்க் காகிதம் ஏற்கெனவே நொறுங்குகிறது. இன்னொரு முறை வெட்டினால் எழுத்தையே தொட்டுவிடும்.

என்னிடம் ஒரு யவனராணி இருக்கிறது. சாண்டில்யன் எழுதி, லதா வரைந்து, குமுதத்தில் வந்தது. நடுவில் ஓர் அத்தியாயம் மட்டும் அச்சில் இல்லை. அந்த வாரத்து இதழ் வீட்டுக்கு வரவில்லையோ, யாராவது இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லையோ. அந்த வீட்டு அம்மா எங்கிருந்தோ இதழைக் கேட்டு வாங்கி, முழு அத்தியாயத்தையும் கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். லதாவின் படம் இருந்த இடத்தைக் காலியாக விட்டு, சுற்றிலும் கட்டம் போட்டிருக்கிறார். அந்தத் தாள்களை எடுத்துவிட்டு அச்சின் நகலை வைத்தால் நல்ல விலை போகும் என்று ஒரு வியாபாரி சொன்னார். நான் விற்பதாக இல்லை. விற்றாலும் அந்த நீல மைக்குத்தான் முதலில் விலை வைப்பேன்.

உங்களிடம் இருப்பதை விற்க வேண்டிய நிலை வரலாம், அதில் தப்பே இல்லை. எடைக்குப் போடாதீர்கள். முதல் பக்கத்தில் எழுதியிருக்கிற சொந்தக்காரர் பெயரை அழிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். வாங்க வருகிறவரிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “பிரிப்பீர்களா?” அவர் படங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு விலை சொன்னால் கொடுக்காதீர்கள். உட்கார்ந்து இரண்டு பக்கம் படித்துவிட்டு விலை சொல்கிறவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் அவருக்கே கொடுங்கள்.