மைனர் பாடம்

மைனர் என்றால் நமக்கு சில்க் ஜிப்பாவும் கழுத்தில் தொங்கும் சங்கிலியும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரிகளில் மைனர் என்பது வேறு. முதன்மைப் பாடத்தோடு சில தாள்கள் கூடுதலாக எடுத்துப் படிக்கிற துணைப்பாடம். நம்ம ஊர் 'அல்லைட்' மாதிரிதான். ஆனால் அல்லைட் பெரும்பாலும் கல்லூரி நம் தலையில் கட்டுவது, மைனர் மாணவரே விரும்பி எடுப்பது.

அப்படி எடுக்கிற பாடங்களில் ஒன்று பெண்ணியல். 1970-இல் சான் டியாகோ அரசுக் கல்லூரியில் இதற்கென்று தனிப் பாடத்திட்டம் தொடங்கினார்கள். மாணவிகள் கேட்டுக் கேட்டு வாங்கியது அது.

"பொருளாதாரம் படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குங்க?" என்பார்கள். சமையலுக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் அது நாட்டின் வருமானக் கணக்கில் ஏறும். அதே சாம்பாரை அம்மா வைத்தால் ஏறாது! நியூசிலாந்தின் மர்லின் வாரிங் 1988-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்.

நம் அரசு 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிறவர்களில், பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97. அந்த 97-ஏ எனக்குக் கொஞ்சம் தாராளமாகப் படுகிறது.

வீட்டில் அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். புளி கரைத்துக்கொண்டே கேட்டார்: "குழாயடியில நின்ன நேரத்தையும் சேர்த்தாங்களாப்பா?"