விடுமுறையில் கண்ட விஞ்ஞானப் படங்கள்



விடுமுறையில் படம் பார்ப்பது பொழுதைப் பாழாக்குவது என்று கூறும் பெரியோர் உண்டு. நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். சென்ற அரையாண்டு விடுமுறையை விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கண்டாச்சிபுரத்தில், என் தமக்கையார் வீட்டில் கழித்தேன். அவருடைய பிள்ளைகள் இருவரோடு அமர்ந்து, விஞ்ஞானக் கற்பனையும் சண்டையும் கலந்த தமிழ்ப் படங்கள் ஐந்தைத் தொலைக்காட்சியில் கண்டேன். அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

விஞ்ஞானக் கதையில் நடக்கவொண்ணாத ஒன்று நடக்கலாம். யந்திரம் பேசலாம், மனிதன் நேற்றைய தினத்துக்குப் போய் வரலாம். அந்த ஒன்றை நாம் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்கிறோம். அதன் பிறகு வருவனவெல்லாம் அந்த ஒன்றிலிருந்து முறையாக விளைய வேண்டும் என்பதே என் அளவுகோல். கண்டாச்சிபுரத்தைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள். கல்லின் கனம் இன்னதென்று அங்குள்ள சிறுவர்களுக்கு நன்கு தெரியும். ஆயினும் கதாநாயகன் பாறைமீது வீசி எறியப்பட்டு, சட்டை கசங்காமல் எழுந்து நிற்கும்போது அவர்களே கைதட்டுகிறார்கள்! ஒருவனுக்கும் வலிக்காத சண்டையில் யாருக்காக நாம் அஞ்சுவது?

முதலில் 2010-இல் வெளிவந்த ‘எந்திரன்’. இதன் முற்பகுதியைப் போலச் சிந்தித்து எடுத்த விஞ்ஞானப் படம் தமிழில் அரிது. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து சிட்டி என்னும் யந்திர மனிதன் மக்களைக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அந்நிலையிலேயே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறான். உயிர் பிழைத்தவள் நாணம் தாளாமல் ஓடி, வாகனத்தில் அடிபட்டு மாள்கிறாள். யந்திரம் தனக்கு இட்ட கட்டளையில் ஓர் எழுத்தும் தவறவில்லை. எனினும் ஓர் உயிர் போயிற்று. யந்திர மனிதர்களுக்கான மூன்று விதிகளை ஐசக் அசிமோவ் 1942-இல் ஒரு கதையில் வகுத்தார். அவ்விதிகளுள் எதுவும் நாணத்தைப் பற்றிப் பேசவில்லை. கட்டளையை நிறைவேற்றுவது வேறு, மனிதரை அறிவது வேறு என்பதை இந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது. பிற்பகுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருக்கொண்டு போரிடுகிறார்கள். கண் வியக்கிறது, மூளை ஓய்வெடுக்கச் சென்றுவிடுகிறது.

அதன் தொடர்ச்சியாக 2018-இல் வந்த ‘2.0’ படத்தின்மீது எனக்குள்ள குறை இதனினும் பெரிது. கைப்பேசிக் கோபுரங்களின் அலைகளே பறவைகளைக் கொல்கின்றன என்பது அதன் அடித்தளம். கைப்பேசிகள் கையிலிருந்து பறந்து வானில் திரள்வது கற்பனை. அதை யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் கோபுரத்தைப் பற்றிய செய்தியைப் படம் உண்மையைப் போலவே சொல்கிறது. படம் முடிந்ததும் என் தமக்கையின் மகள், “மாமா, நம்ம ஊர்ச் சிட்டுக்குருவியையும் டவர்தான் கொன்னுடுச்சா?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வெளியான அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கினால் சிட்டுக்குருவியின் தொகை பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்றும் கூறிற்று. கைப்பேசி அலைகளே காரணம் என்பதற்கு ஆதாரமும் கிட்டவில்லை. குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகள் அருகியதும், கூடு கட்ட இடமில்லாது போனதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஓட்டு வீட்டின் இறவாரத்தில் கூடு கட்டிய குருவி மொட்டைச் சுவரில் எங்கே கட்டும்? பழி கோபுரத்தின்மேல் விழுந்தால் பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றாது. விஞ்ஞானப் படம் செய்யக்கூடிய தீங்கு இதுவே என்பேன்.

2018-இல் வந்த மற்றொரு படமான ‘டிக் டிக் டிக்’, தமிழ்நாட்டை நோக்கி வரும் விண்கல்லை அணு ஆயுதத்தால் தகர்க்கும் கதை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. எனினும் உண்மை அதைவிடச் சுவையானது. 2022 செப்டம்பர் 26-ஆம் நாள் அமெரிக்காவின் ‘டார்ட்’ என்னும் விண்கலம் டைமார்பஸ் என்ற சிறு விண்பாறையின்மீது நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதிற்று. அணுகுண்டு ஏதுமில்லை, வெறும் இடிதான். அப்பாறை தன் துணைப்பாறையை ஒரு முறை சுற்ற எடுத்த காலத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது. வருவதைத் தகர்க்க வேண்டியதில்லை. வெகு முன்னரே சற்று நகர்த்தினால் போதும்.

ஐந்தில் என் அளவுகோலுக்கு முழுதும் பொருந்தியது 2015-இல் வந்த ‘இன்று நேற்று நாளை’. 2065-ஆம் ஆண்டிலிருந்து வந்து சேரும் காலயந்திரம் இரு நண்பர்களிடம் சிக்குகிறது. காணாமற்போன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துச் சோதிடம் என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். நம் ஊரில் காலயந்திரம் கிடைத்தால் முதலில் அதுதானே நடக்கும்! கடந்த காலத்தில் அவர்கள் அறியாமற் செய்த சிறு மாற்றத்தால், செத்திருக்க வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்துக்கொள்கிறான். பின்வரும் தொல்லையெல்லாம் அதிலிருந்தே முளைக்கிறது. பெரும் பொருட்செலவு இல்லை, கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது.

இனி ‘கலை அரசி’. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963 ஏப்ரலில் வெளிவந்த படம். பறக்கும் தட்டில் வேற்றுலகத்தார் பூமிக்கு வருகிறார்கள். நம் பொன்னையோ நிலத்தையோ அவர்கள் நாடவில்லை. விஞ்ஞானத்தில் முந்திய அவர்களுக்குப் பாட்டுத் தெரியாது. அதைக் கற்பிக்க ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள்தான் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பிற்று; அதுவும் அமெரிக்காவில் செய்தது. ராக்கெட் கிளம்புமுன்பே தமிழ்ப் படம் வேற்றுக் கோளுக்குப் போய் வந்துவிட்டது! அட்டைப் பலகைக் கலம் என்று பிள்ளைகள் நகைத்தார்கள். ஆனால் பாட்டுக்காகப் படையெடுத்து வரும் வேற்றுலகத்தாரை எந்த நாட்டுப் படத்திலும் நான் கண்டதில்லை.

சண்டைக் காட்சியை விரும்புவோருக்கு ஒரு சொல். சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்குள்ள ரயில்வே பள்ளியில் பயின்றவர். 2023 ஆகஸ்ட் 23 அன்று, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அக்கலம் இறங்கத் தொடங்கியது. நொடிக்கு ஏறத்தாழ 1,700 மீட்டராக இருந்த வேகம் தரையைத் தொடுமுன் இரண்டு மீட்டருக்கும் கீழே வரவேண்டும். நிலவில் காற்று இல்லையாதலால் பாரசூட் விரித்துப் பயனில்லை. எஞ்சினை எரித்தே வேகத்தை அடக்க வேண்டும். 2019-இல் சென்ற கலம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வீழ்ந்து நொறுங்கியது. ஏறத்தாழ 19 நிமிடங்கள். கலம் தானே முடிவெடுத்து இறங்குகிறது, கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். அடிதடி இல்லை, வில்லனும் இல்லை. அந்த 19 நிமிடங்களை மட்டும் ஒரு தமிழ் இயக்குநர் நேர்மையாகப் படமாக்கட்டும். விழுப்புரத்தில் முதல் நாள் முதற்காட்சிக்கு என் தமக்கையின் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பேன்.