நம் கீழ்த்தளத்து மூன்றாம் தூண்

(பொறியாளர் தினத்தன்று நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டடம் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, வீட்டுக்கடன் ஃபைல்களில் பார்த்த வரைபடங்களும் நம் கார் நிறுத்தத்து மூன்றாம் தூணும்தான். அதில் உரசாத கார் இங்கே உண்டா?

மேலே படுக்கையறைகளுக்குத் தோதாகத் தூண்களை வைத்துவிட்டார்கள். கீழே கார் திரும்ப வேண்டுமே என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் மாடியில் குளியலறைக் குழாய்க்காக பீமைத் துளைத்தார்களே, அதுவும் இதே கதைதான். (அதை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டச் சொல்லி மூன்று கூட்டங்களாகக் கேட்கிறேன்.) ஆர்க்கிடெக்ட் வரைந்து முடித்த பிறகுதான் இன்ஜினியரிடம் காகிதம் போயிருக்க வேண்டும். வங்கியில் நான் எழுதிய வவுச்சரில் தவறிருந்தால் அதிகாரி திருப்பி அனுப்புவார், வேறு எழுதிவிடுவேன். கான்கிரீட்டைத் திருப்பி அனுப்ப முடியுமா?

ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம், ஏறத்தாழ 180 அடி, உட்புறமாக வளைந்து ஏறுகிறது. அந்த வளைவு அழகா, பாரத்தைத் தாங்கும் கணக்கா என்று பிரிக்க முடியாது. அந்த மரபில் இரண்டுமே ஸ்தபதியின் வேலை. இன்று பி.ஆர்க். ஐந்து வருடம், சிவில் நான்கு வருடம் என்று தனித்தனிப் படிப்பு. பிரிந்தது தவறில்லை, படிப்பு அவ்வளவு பெருகிவிட்டது. ஆனால் படிக்கும்போதே இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

சிகாகோவில் அப்படி நடந்திருக்கிறது. டாக்காவில் பிறந்த இன்ஜினியர் ஃபஸ்லூர் கான், இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைரன் கோல்ட்ஸ்மித்துடன் சேர்ந்து கட்டடக்கலை மாணவர்களுக்கு வழிகாட்டினார். 1960களில் அங்கே ஒரு மாணவர், வெளிச்சுவரில் பெருக்கல் குறி போலச் சாய்சட்டங்கள் வைத்த உயரக் கட்டடத்தை ஆய்வாகச் செய்தார். பின்னர் கானும் ஆர்க்கிடெக்ட் புரூஸ் கிரஹாமும் 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தை அதே வழியில் எழுப்பினார்கள். அதிலும் நம்மைப் போல் குடியிருப்போர் உண்டு. சிலர் வீட்டு ஜன்னலில் சாய்சட்டம் குறுக்கே போகிறது! ஆனால் காற்றை எதிர்த்து நிற்பதும் அதுதான், கட்டடத்தின் முகமும் அதுதான்.

இங்கேயும் செய்யலாம். நம் கார் நிறுத்தத்தையே பயிற்சியாகக் கொடுங்கள். சிவில் மாணவர் காரைத் திருப்பும் வழியை வரையட்டும். ஆர்க்கிடெக்சர் மாணவர் மூன்றாம் தூண் சுமக்கும் பாரத்தைக் கணக்குப் போடட்டும். அதன்பிறகு இருவரும் ஒரே தாளில் தூண்களுக்கு இடம் குறிக்கட்டும். இதற்கு ஒரு செமஸ்டர் போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பிள்ளைகளைச் சேர்க்கப் போகும்போது விடுதி, பஸ், பிளேஸ்மென்ட் எல்லாம் விசாரிப்பீர்கள். இந்த இரு துறை மாணவர்களும் சேர்ந்து ஒரு கட்டடமாவது வடிவமைப்பார்களா என்றும் கேளுங்கள்.

மூன்றாம் தூணுக்கு ரப்பர் பட்டை ஒட்டப் பொருளாளர் சம்மதித்துவிட்டார். ஞாயிறு காலை அந்தப் பக்கம் வண்டி நிறுத்த வேண்டாம்.